வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை

பென்னலூர்
25.6.2012

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஏசுவடியானுக்கு,

அக்கா லிடியா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். உன் இருமல் விட்டதா? வெந்நீர் குடி என்று சொன்னேன், குடிக்கிறாயா? நம் வீட்டில் காது கேட்காதவள் நான்தான் என்று ஊரார் தப்பாகச் சொல்கிறார்கள்.

இன்டர்நெட் வந்துவிட்டது. உன் கம்பெனி என்பதால்தான் நம்பி வாங்கினோம். அத்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, கேமராவும் மாட்டிவிட்டார். எல்லாம் எப்சிக்காக. ஐந்து வயதுப் பிள்ளையை, அதுவும் எங்களைப் போலவே காது கேட்காத பிள்ளையை, தெற்கே நானும் அத்தானும் படித்த அதே பள்ளி விடுதியில் இந்த மாதம் விட்டு வந்தோம் அல்லவா? பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று ரத்னா டீச்சர் எழுதியிருந்தார். ஞாயிறு நான்கு மணிக்குக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைக்கிறேன், வீடியோவில் வாருங்கள் என்றார்.

முதல் ஞாயிறு வந்தேன். என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் கதை கொட்டினாள். பாலும் பன்னும் என் கண் முன்னாலேயே தின்று, காலித் தட்டைக் கேமராவில் காட்டினாள். அன்றிரவு நானும் வயிறாரச் சாப்பிட்டேன்.

நேற்று இரண்டாவது ஞாயிறு. ஐந்து நிமிடத்தில் படம் நின்றுவிட்டது. மோடத்தில் சிவப்பு விளக்கு. வெளியே ஓடிப் பார்த்தால், கார் ஏற்றிப் போகும் இரட்டை அடுக்கு டிரெய்லர் உங்கள் வயரை இழுத்துக்கொண்டு ஒரகடம் பக்கம் போயே போய்விட்டது. எஸ்.எம்.எஸ்.ஸில் புகார் கொடுத்து, நம்பரும் வந்தது. அடுத்த ஞாயிறுக்குள் சரியாகிவிடும்தானே?

இதை உனக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். ஆனால் நூற்றறுபது எழுத்தில் எனக்குப் பேசி முடியாது, உனக்கே தெரியும்.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும்
அக்கா லிடியா

*

கோயம்புத்தூர்
4.7.2012

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஏசுவடியான் வணக்கம் சொல்லி எழுதுவது. இருமல் போய்விட்டது. வெந்நீர் குடிக்கவில்லை, அதுவே போய்விட்டது. அத்தானுக்கு என் விசாரிப்பு. தகடு அடிக்கும் அந்தப் பிரஸ் ஷாப் சத்தத்தில் மற்றவர்கள் எல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நிற்க, அத்தான் மட்டும் ராஜா மாதிரி நிற்கிறார் என்று நீ முன்பு எழுதியதை என் ரூமில் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

வயர் விஷயம் கவலைப்படாதே. பதினைந்து நாளுக்குள் எந்தப் புகாரும் முடிந்தாக வேண்டும், அது எங்கள் சட்டம். நானும் புகார்ப் பிரிவில்தான் இருக்கிறேன். காஞ்சிபுரம் பக்கத்துப் புகார்கள் எல்லாம் எங்கள் தளத்துக்குத்தான் வருகின்றன. பெரிய ஹால், எழுபது பேர், எழுபது கம்ப்யூட்டர்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ என் அக்கா என்று அங்கே யாரிடமும் சொல்லாதே. சொந்தக்காரர் புகாரில் ஸ்டாஃப் கை வைக்கக் கூடாது. செப்டம்பர் முப்பதாம் தேதி என்னைப் பர்மனென்ட் ஆக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். எங்கள் டீம் லீடர் இசக்கிதுரை, நம்ம ஊர்ப் பக்கத்து ஆள்தான், ஆனாலும் கறார் பேர்வழி. ‘டார்கெட்ட முடிச்சுட்டு வாலே, பெறவு பேசுவோம்’ என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

மருமகளுக்கு மாமாவின் முத்தம். அடுத்த ஞாயிறு அவளிடம் சொல்லிவிடு.

அன்புத் தம்பி
ஏசுவடியான்

*

பென்னலூர்
17.7.2012

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே உடம்பு சுகம், மனசுதான் இல்லை.

ஐந்தாம் தேதி உங்கள் கம்பெனியிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.’ மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே கம்பத்தில் வயர் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. எதைத் தீர்த்தார்கள்? யார் வெற்றி பெற்றார்கள்?

இதோடு நான்கு ஞாயிறு போய்விட்டது. ரத்னா டீச்சர் எழுதியிருக்கிறார். எப்சி நான்கு மணிக்குத் தானே போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாளாம். கம்ப்யூட்டர் திரை கறுப்பாக இருக்கிறது. அதைப் பார்த்து, அம்மா எங்கே, சாப்பிட்டாயா, என்று கையால் பேசிக்கொண்டே இருக்கிறாளாம். இறக்கிவிட்டால் அழுகிறாளாம். அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. அத்தான் பிடுங்கி வாசித்தார், அப்புறம் அவரும் மடித்து வைத்துவிட்டார்.

பிள்ளை பள்ளியில் தங்கினால்தான் படிப்பு. இங்கே கொண்டுவந்தால் பக்கத்து நர்சரியில் கடைசி பெஞ்சில் பொம்மை போல உட்கார வைப்பார்கள். வயர் ஒன்று, வெறும் வயர், அதுதான் நடுவில் நிற்கிறது.

நேற்று இன்னொரு புகார் கொடுத்திருக்கிறேன். கம்பெனிக்குள் இருக்கிறாயே, யார் இதை மூடினார்கள் என்று விசாரித்துச் சொல். அந்த ஆளை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா லிடியா

*

கோயம்புத்தூர்
30.7.2012

பிரியமுள்ள அக்கா,

நான் சுகம். நீயும் அத்தானும் மருமகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

விசாரித்துவிட்டேன். உங்கள் பக்கத்து லைன்மேன் பெயர் சுப்பிரமணி. கம்பெனி ஆபீசிலிருந்து கேட்பதுபோல போனில் பிடித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ‘நா வந்தேன் சார். போன் அட்ச்சேன், எடுக்கல. பெல்ல அமுக்குனேன், கரண்ட் இல்ல. வூடு தொறந்துதான் கீது, ஆனா யாரும் வர்ல. பொம்பளைங்க கீற வூட்ல நானா உள்ள பூந்துக்க முடியுமா? இன்னா பண்றது சொல்லு.’

அக்கா, அவர் மேல் தப்பில்லை. உன் வீட்டு மணி அடித்தால் பல்பு எரிகிற மாதிரிதான் அத்தான் செய்து வைத்திருக்கிறார். கரண்ட் இல்லாதபோது பல்பு எங்கே எரியும்? அவர் திரும்பிப் போய் ‘ஆள் இல்லை’ என்று போடுகிறார். அப்புறம் இங்கிருந்து மூன்று தடவை போன் செய்வார்கள். எடுக்காவிட்டால் ‘வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை’ என்று ஒரு பட்டனைத் தட்டினால் புகார் மூடிவிடும். அதுவும் ‘தீர்ந்தது’ கணக்கில்தான் சேரும். இதுதான் முறை. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

இரண்டாவது புகாரும் இருபத்துநாலாம் தேதி அப்படித்தான் மூடியிருக்கிறது. நீ மறுபடி புகார் கொடு. உன் நம்பருக்குப் பதில் வீட்டுக்கார அம்மா நம்பரைக் கொடு. என் நம்பரைக் கொடுக்க முடியாது, காரணம் உனக்குத் தெரியும். சுப்பிரமணியிடம் நேரே உள்ளே போகும்படி சொல்லிவிட்டேன். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்
ஏசுவடியான்

*

பென்னலூர்
18.8.2012

தம்பிக்கு,

சுகமா? நீ சொன்னபடியே செய்தேன். சுப்பிரமணி வந்து வயரைக் கட்டிக் கொடுத்தார். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ஞாயிறு எப்சியைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. என் கை அசைவதைப் பார்த்ததும் பக்கத்துப் பிள்ளைகளை எல்லாம் இழுத்துக் காட்டினாள். முழுசாக இருபது நிமிடம். ஸ்தோத்திரம் என்றேன்.

எட்டாம் தேதி அடுத்த டிரெய்லர் வந்தது. வயர் போயிற்று.

புகாரில் வீட்டுக்கார கோவிந்தம்மா நம்பரைத்தான் கொடுத்தேன். அவர் மாடியிலிருந்து ஓடி வந்தார், கையில் போன். வெற்றிலை இல்லாத நேரம், அதனால் அவர் வாயை நன்றாகப் படிக்க முடிந்தது. ‘கணக்கு யார் பேர்ல கீதோ அவங்கதான் பேசணுமாம், பொறந்த தேதி சொல்லணுமாம்.’ அதற்குக் காது கேட்காது, பேச வராது என்று அவர் கத்துகிறார், கழுத்து நரம்பு புடைத்தது. போனில் அந்தப் பக்கம் பேசிய பெண் அசையவில்லையாம். கணக்குதாரரிடம் கொடுங்கள், கொடுங்கள் என்றே சொல்கிறாளாம்.

நான் போனை வாங்கினேன். வெளியாட்கள் முன்னால் நான் குரல் எடுத்துப் பத்து வருடம் இருக்கும். பள்ளியில் கண்ணாடி முன் நிற்க வைத்துப் பழக்கிய குரல். அதை வைத்து என் பிறந்த தேதியைச் சொன்னேன். திரும்பவும் சொன்னேன். கோவிந்தம்மா என் தோளைத் தொட்டு, ‘வச்சுட்டாம்மா’ என்றார். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு, ‘இன்னாத்துக்கு அழுவுற? அவ கெடக்குறா’ என்றார். எனக்கு அழுகை இல்லை, கூச்சம். உடம்பெல்லாம் கூசியது.

அத்தான் கேட்டில் பலகை மாட்டியிருக்கிறார்: ‘காது கேட்காதவர்கள் வீடு. நேரே உள்ளே வரவும்.’ மாட்டும்போதே அவருக்குக் கோபம். திருடனுக்கு அழைப்பிதழ் வைக்கிறோமா என்று கேட்டார். மாட்டினோம். என் வீட்டு வாசலில் என் குறையை நானே எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன், உன் கம்பெனிக்காக.

பழையபடி என் நம்பரிலேயே புதுப் புகார் கொடுத்திருக்கிறேன். அதை மூடவிடாதே. சொந்தம் என்று சொல்ல வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி எழுது: இவளுக்குப் போன் செய்யாதீர்கள், காது கேட்காது. அவ்வளவுதான் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா லிடியா

*

கோயம்புத்தூர்
10.9.2012

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். காய்ச்சல். இப்போது பரவாயில்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

இங்கே வேலை அதிகம். மாதக் கடைசி என்றால் எங்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடையாது. உன் புகார் நினைவில் இருக்கிறது. முப்பதாம் தேதி வரை கொஞ்சம் பொறு. அதற்கப்புறம் நான் தைரியமாக எதுவும் செய்யலாம். அதுவரை பிராஞ்சுக்கு எல்லாம் போய் அலையாதே. அவர்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள், உனக்குத்தான் அலைச்சல்.

மருமகளுக்கு வேண்டுமானால் கலர் பென்சில் பார்சலில் அனுப்புகிறேன்.

ஏசுவடியான்

*

பென்னலூர்
20.9.2012

அன்புள்ள தம்பி ஏசுவடியானுக்கு,

காய்ச்சல் முழுவதும் விட்டதா? கஞ்சி குடித்தாயா?

எப்சி இப்போது கம்ப்யூட்டர் அறைக்கு வருவதில்லை. நான்கு மணி ஆனால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாளாம். தட்டை வைத்தால் தள்ளிவிடுகிறாளாம். பள்ளியிலிருந்து தலைமையாசிரியை கையெழுத்தோடு கடிதம் வந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் பிள்ளை தேறாவிட்டால் அழைத்துப் போய்விடுங்கள் என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நீ அலையாதே என்றாய். அலைந்தேன். பதினெட்டாம் தேதி கோவிந்தம்மாவோடு ஸ்ரீபெரும்புதூர் பிராஞ்சுக்குப் போனேன். நான் எழுதிக் காட்டியதையெல்லாம் அங்கிருந்த பெண் பொறுமையாக வாசித்தாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். நான் கொடுத்த புகார் ஐந்து. எந்தத் தேதியில் கொடுத்தேன், எந்தத் தேதியில் மூடினார்கள், ஏன் மூடினார்கள், எல்லாம் இருக்கிறது. கடைசிப் பத்தியில் மூடியவர் பெயர். ஜூலை 5, ஜூலை 24, ஆகஸ்ட் 31. இந்த மூன்றுக்கும் ஒரே பெயர்.

நுகர்வோர் மன்றத்துக்கு எழுதப் போகிறேன். அதற்கு முன் உனக்கு எழுதுகிறேன். என்னிடம் சொல்ல உனக்கு ஏதாவது இருக்கிறதா?

அக்கா

*

கோயம்புத்தூர்
27.9.2012

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா? அங்கே மழை உண்டா? இங்கே இரண்டு நாளாகத் தூறல். அத்தானுக்கு இந்த மாதம் எந்த ஷிப்ட்?

முப்பதாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள்தான். அப்புறம் விவரமாக எழுதுகிறேன்.

ஏசுவடியான்

*

பென்னலூர்
9.10.2012

ஏசுவடியானுக்கு,

மழை இல்லை. அத்தானுக்கு பி ஷிப்ட்.

காலாண்டு விடுமுறைக்கு எப்சியிடம் போய், பள்ளி விடுதியிலேயே ஐந்து நாள் தங்கி நேற்றுத்தான் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கியபோது விளையாட்டு மைதானத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். ஓடிவருவாள் என்று கையை விரித்தேன். வரவில்லை. நானே போய் முன்னால் மண்டி போட்டு, அம்மா வந்திருக்கிறேன் பார் என்று பேச ஆரம்பித்தேன்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

உனக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. உங்களுக்குக் கண்ணை மூடினாலும் காது திறந்திருக்கும். எங்கள் பிள்ளை கண்ணை மூடினால் அதோடு முடிந்தது, உள்ளே போக வேறு வழி கிடையாது. இமையை இறுக்கி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். நான் அவள் முன்னால் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? கை கட்டி உட்கார்ந்திருந்தேன். திறந்தபோதெல்லாம் பேச முயன்றேன், திரும்ப மூடினாள். மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் என் மடியில் தூங்கினாள். ஐந்தாம் நாள் நான் புறப்பட வேண்டியிருந்தது.

பர்மனென்ட் ஆகிவிட்டாயா?

லிடியா

*

கோயம்புத்தூர்
2.11.2012

என் அக்காவுக்கு,

உன் சுகத்தை விசாரிக்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் நீ சுகமாக இருக்க வேண்டும்.

ஆகிவிட்டேன். முப்பதாம் தேதி ஆர்டர் கையில் கொடுத்தார்கள். கேக் வெட்டினார்கள்.

அந்தப் பெயர் என் பெயர்தான். உனக்குப் பிராஞ்சிலேயே தெரிந்துவிட்டது. நீ கேட்டபோது மழையைப் பற்றி எழுதினேன். அதை நினைத்தால் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் திரையில் புகார் நம்பர்தான் பெரிதாக வரும், ஊர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பெயர் அடுத்த பக்கத்தில். அதைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. மிஷின் தானாகப் போன் போடும். மூன்று தடவை அடித்து எடுக்கவில்லை என்றால் பட்டன். ஒரு ஷிப்டுக்கு நாற்பத்தைந்து மூட வேண்டும். ஜூலையில் மூடிய இரண்டும் உன்னுடையவை என்று எனக்குத் தெரியாது. உன் கடிதம் வந்த பிறகுதான் நம்பரைப் போட்டுப் பார்த்தேன், என் பெயர் வந்தது. ‘யாரும் வேண்டுமென்று செய்வதில்லை’ என்று நான் எழுதியது எனக்காகத்தான்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று அப்படி இல்லை, அக்கா. அன்று பென்னலூர் என்று பார்த்ததும் அடுத்த பக்கத்தைத் திறந்தேன். லிடியா வில்சன் என்று இருந்தது. சுப்பிரமணி லீவில் இருந்ததால் அதுவரை யாரும் வந்து பார்க்காத புகார். மாதக் கடைசி. என் கணக்கில் இரண்டு குறைந்தது. மூடாமல் விட்டால் ஏன் என்று எழுத வேண்டும், எழுதினால் சொந்தம் என்று தெரிந்துவிடும். பின்னால் இசக்கிதுரை நின்று, ‘என்னலே, ஒண்ணுலயே உக்காந்திருக்க’ என்றார். மிஷின் போன் போட்டது. ஹெட்போனில் ரிங் போவது கேட்டது. அந்தப் போன் உன் மேஜை மேல் கிடக்கும், நீ பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். மூன்று தடவையும் முழுசாக அடிக்கும்வரை கேட்டேன். பிறகு பட்டனைத் தட்டினேன்.

உன் அக்டோபர் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஆகஸ்டில் நீ பேசிய அந்தப் போனின் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். பதினான்கு, மூன்று, எண்பத்திரண்டு. தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறாய். இரண்டு தடவையும். எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணுக்குப் புரியாது, ஆனால் எழுபது பேர் இருக்கிற அந்த ஹாலில் எனக்கு மட்டும் புரியும். நான் நான்கு மேஜை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்றே உன் புகாரைத் திரும்பத் திறந்து, அதில் குறிப்பு எழுதப் போனேன். வெறுமனே எழுத முடியாது, முதலில் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட் பூட்டு, மாலையில் மட்டும், நாய் இருக்கிறது, அவ்வளவுதான் உண்டு. காது கேட்காது என்று ஒன்று இல்லை. ‘நாய் இருக்கிறது’ என்பதைத் தட்டி, கீழே எழுதினேன்: ‘நாய் இல்லை. காது கேட்காதவர்கள். போன் செய்யாமல் நேரே உள்ளே போகவும். வேலை முடிந்ததை எழுதி வாங்கி வரவும்.’ நாய் என்று போட்டால் லைன்மேன் கட்டாயம் குறிப்பை வாசித்தாக வேண்டும். பிறகு இசக்கிதுரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மெமோ கொடுத்திருக்கிறார்கள். விசாரணை பதினைந்தாம் தேதி. வேலை நிற்குமா தெரியாது.

மன்றத்துக்கு எழுதும்போது என் பெயர் இருக்கும் தாளையும் சேர்த்துக் கொடு. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். மருமகளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

உன் தம்பி என்று எழுதக் கூசும்
ஏசுவடியான்

*

பென்னலூர்
27.11.2012

கர்த்தருக்குள் தம்பி ஏசுவடியானுக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீ சரியாகச் சாப்பிட மாட்டாய் என்று தெரியும், சாப்பிடு.

உன் கடிதம் வந்த அன்று அத்தானுக்குக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, வேலைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள், விசாரணை என்ன ஆயிற்று என்று கேள் என்றார். கேட்கிறேன். என்ன ஆயிற்று?

தாளைச் சேர்த்துக் கொடு என்று பெருந்தன்மையாக எழுதியிருந்தாய். நீ சொல்லாவிட்டாலும் சேர்த்திருப்பேன். சேர்த்துத்தான் செங்கல்பட்டு மன்றத்துக்கு அனுப்பினேன். உன் கடிதம் வந்த அன்று அது போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நீ என் தம்பிதான், நான் மறுக்கவில்லை. முதல் இரண்டையும் அன்றே மன்னித்துவிட்டேன், தெரியாமல் நடந்தது. மூன்றாவதை மன்னிக்க இன்னும் முடியவில்லை. ரிங் முழுசாகக் கேட்டாய் என்று எழுதினாயே, அதை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது, எழுதினானே என்று மறுநாள் தோன்றுகிறது.

சுப்பிரமணி வந்தார். கையில் பிஸ்கட் பாக்கெட். நாங்கள் புதிதாக வளர்க்கும் நாய்க்காம். குறிப்பை முழுசாக வாசிக்கவில்லை போலும். உங்கள் கம்பெனியில் செவிடருக்கு இடம் இல்லை, நாய்க்கு உண்டு என்று எழுதிக் காட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டு, வயரைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிக் கட்டிவிட்டார். மூன்று வாரமாக எந்த டிரெய்லருக்கும் எட்டவில்லை. பிஸ்கட்டை டீயோடு நாங்கள் மூன்று பேரும் தின்றோம்.

முதல் ஞாயிறு எப்சி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவே போதும் என்றிருந்தது. இரண்டாவது ஞாயிறு பக்கவாட்டில். போன ஞாயிறு நேராகத் திரும்பினாள். தட்டில் இருந்த பன்னைத் தின்றாள். ரத்னா டீச்சர் பின்னால் நின்று கட்டை விரலைக் காட்டினார். பள்ளியில் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள், இனி பயமில்லை.

தின்று முடித்ததும் கேட்டாள். அம்மா கை ஏன் நின்றது?

ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வேன். லாரி வந்து வயரை அறுத்தது என்றேன். கட்ட ஒரு ஆள் வர வேண்டியிருந்தது, இந்த வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை என்று இன்னொரு ஆள் எழுதிவிட்டார், அதனால் அவர் வரவில்லை என்றேன். யார் அந்த ஆள் என்று கேட்டாள். இன்னொரு பன் வேண்டுமா என்று பேச்சை மாற்றினேன். அவள் விடவில்லை. யார், யார் என்று திரையைத் தட்டினாள்.

மாமா என்று சொல்லிவிட்டேன்.

என் பிள்ளையிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். ஐந்து மாதம் அவள் என்னைத்தான் அந்த ஆள் என்று நினைத்திருந்தாள்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி அவளை அழைத்து வருகிறோம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ வர வேண்டும். அவள் உன்னிடம் கேட்பாள், அது நிச்சயம். இத்தனை வருடமாக நீ என்னிடம் தாளில்தான் பேசினாய். சாப்பாடு, தண்ணீர், வா, போ, இந்த நான்கைத் தவிர உன் கைக்கு ஒன்றும் தெரியாது. நானும் உன்னைப் பழக்காமல் விட்டேன், என் எழுத்து நன்றாயிருக்கிறது என்ற திமிரில். இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு, அத்தான் சொல்லித் தருவார். நீளமாக எழுதி அவளிடம் நீட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது.

உன்னை எதிர்பார்க்கும்
அக்கா லிடியா